புதைக்கத் தவறியவையும் புதைத்து வைத்தவையும்: யூத நினைவின் பொருள்கள்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு கடிதம் இருக்கிறது. 1170ஆம் ஆண்டை ஒட்டி, செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலிருந்த ஐதாப் துறைமுகத்திலிருந்து தாவீது என்ற வணிகர், கெய்ரோவை அடுத்த ஃபுஸ்தாத்தில் வாழ்ந்த தம் அண்ணனுக்கு எழுதியது. அரபு மொழியை எபிரேய எழுத்தில் எழுதுவது அன்றைய யூதர்களின் வழக்கம். கடிதமும் அப்படித்தான் இருக்கிறது. நைல் கரையிலிருந்து பாலைவனத்தைக் கடக்கும்போது வணிகக் கூட்டத்தை விட்டுப் பிரிந்து ஒரே ஒரு துணையோடு வந்துவிட்டதாகவும், அது அறியாமையால் செய்த காரியம் என்றாலும் அதனாலேயே உயிர் தப்பியதாகவும் தாவீது சொல்கிறார். அந்தக் கூட்டத்தில் சிலர் கொள்ளையரிடம் பொருளைப் பறிகொடுத்துக் காயம்பட்டிருந்தார்கள். சிலர் தாகத்தால் மடிந்திருந்தார்கள். ஐதாப்பில் வாங்குவதற்கு அவுரியைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை, ஆகவே கடல் கடந்து இந்தியாவுக்குப் போகிறேன் என்கிறார். வீட்டிலிருக்கும் ‘சின்னவளுக்கு’, அதாவது தம் மனைவிக்கு, தைரியம் சொல்லும்படி அண்ணனைக் கேட்டுக்கொள்கிறார். பாலைவனத்தில் காத்தவன் கடலிலும் காப்பான் என்று எழுதுகிறார். ஊர் திரும்பும் கூட்டம் புறப்படும் தறுவாயில் அவசரமாக எழுதி அனுப்பியது அது.

அந்த அண்ணன், மருத்துவராகவும் சட்ட அறிஞராகவும் மெய்யியலாளராகவும் யூத உலகம் இன்றளவும் போற்றும் மோசே மைமோனிடிஸ். தம்பி கடலில் மூழ்கி இறந்தார். செய்தி வந்த நாளில் படுக்கையில் விழுந்த மைமோனிடிஸ் ஏறக்குறைய ஓராண்டு எழவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, இன்றைய இஸ்ரேலின் வடக்குக் கடற்கரையில் உள்ள அக்கோ (ஏக்கர்) நகரிலிருந்த நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தம் வாழ்நாளில் நேர்ந்த துன்பங்களிலெல்லாம் கொடியது இதுவே என்றும், அவன் என் மடியில் வளர்ந்தவன், எனக்குத் தம்பி, எனக்கு மாணவன் என்றும் சொல்லிவிட்டு, அவனுடைய கையெழுத்தைக் காணும்போதெல்லாம் நெஞ்சு புரண்டு துயரம் மறுபடி விழித்துக்கொள்கிறது என்று எழுதினார். மைமோனிடிஸின் நெஞ்சைப் புரட்டிய அதே கையெழுத்தைத்தான் இன்று கேம்பிரிட்ஜில் நாம் பார்க்கிறோம். பொருளுக்கும் துயரத்துக்கும் உள்ள உறவை இதைவிட நேராகச் சொல்லும் சான்று ஒன்றை நான் அறியேன்.

இந்தத் தாள் எப்படித் தப்பியது என்ற கேள்விதான் இக்கட்டுரைக்கு அடிப்படை. இறைவனின் பெயர் எழுதப்பட்ட எதையும் எரிக்கவோ குப்பையில் எறியவோ யூத மரபு இடம் தருவதில்லை. படித்துக் கிழிந்த நூல்களையும் ஏடுகளையும் தொழுகைக்கூடத்தில் ஓர் அறையில் சேர்த்து வைத்து, பிறகு இடுகாட்டுக்குக் கொண்டுபோய் மனித உடலைப் போலவே அடக்கம் செய்வார்கள். அந்தச் சேமிப்பிடத்துக்குக் கெனிசா என்று பெயர். ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தின் கெனிசா மட்டும் வேறு விதமாக அமைந்துவிட்டது. உயரத்தில் ஒரு திறப்பு, அதன் வழியே உள்ளே போட்ட தாள்களில் பெரும்பகுதி வெளியே எடுக்கப்படவேயில்லை. எபிரேய எழுத்தில் இருந்தாலே போதும் என்ற எண்ணத்தில் வேத ஏடுகளோடு திருமண ஒப்பந்தங்களும் கணக்குச் சீட்டுகளும் வணிகர்களின் கடிதங்களும் குழந்தைகள் எழுத்துக் கூட்டிப் பழகிய ஏடுகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. எகிப்தின் வறண்ட காற்று அவற்றை அழுகவிடாமல் காத்தது.

1896இல், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இரட்டைச் சகோதரிகளான ஆக்னஸ் லூயிஸும் மார்கரெட் கிப்சனும் தங்கள் பயணத்தில் வாங்கி வந்த ஏடுகளில் ஒன்றைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டரிடம் காட்டினார்கள். அது மூலம் மறைந்துபோனதாகக் கருதப்பட்ட பென் சீரா என்ற பழைய யூத அறநூலின் எபிரேயப் பாடம் என்று கண்ட ஷெக்டர், அந்த ஆண்டின் இறுதியில் கெய்ரோவுக்குப் போனார். அவர் கொண்டுவந்து சேர்த்த தொகுப்பில் ஏறக்குறைய 1,93,000 துண்டுகள் உள்ளன. மரபின்படி அவையெல்லாம் மண்ணுக்குள் போயிருக்க வேண்டியவை. அடக்கம் தள்ளிப்போனதால் வரலாறு கிடைத்தது. கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தாவீதின் கடிதத்தைப் படிக்கும்போது, நமக்கென்று எழுதாத ஒன்றைப் படிக்கிறோம் என்ற கூச்சமும் கூடவே வருகிறது. அந்தக் கூச்சத்தை உதறிவிடக் கூடாது என்றே நினைக்கிறேன்.

ஒரு பொருளுக்கு முறையான முடிவு உண்டு என்று நம்பும் மரபு யூத மரபு. யூத அருங்காட்சியகங்களில் நம்மைத் தாக்கும் உணர்ச்சியைப் புரிந்துகொள்ள இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவை எழுதிய சுருள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தோல் தாள்களில் 3,04,805 எழுத்துகளையும் எழுத்தர் ஒருவர் கையாலேயே எழுத வேண்டும். ஓர் எழுத்து உடைந்தாலும் திருத்தும்வரை அந்தச் சுருளைத் தொழுகையில் வாசிக்கக் கூடாது. சுருளுக்கு மேலாடை உடுத்துவார்கள், வெள்ளிப் பதக்கம் மாட்டுவார்கள், முடி சூட்டுவார்கள். விரல் பட்டால் எழுத்து கெடும் என்பதால் சின்னக் கை வடிவில் முடியும் வெள்ளிக் கோல் ஒன்றைக் கொண்டே வரியைத் தொடர்வார்கள். அதன் பெயரே ‘யாத்’, கை என்று பொருள். சுருள் தவறிக் கீழே விழுந்துவிட்டால் பார்த்தவர்கள் நோன்பு இருக்கும் வழக்கமும் உண்டு. பழுது பார்க்க முடியாத அளவு தேய்ந்த சுருளை மண்பாண்டத்தில் வைத்து, கற்றறிந்தவர் ஒருவரின் கல்லறை அருகே புதைக்கச் சொல்கிறது யூதர்களின் சட்ட விளக்க நூலான தால்மூத். பிறப்பு, உடை, வாழ்வு, இறப்பு, அடக்கம் என்று அத்தனையும் அதற்கு உண்டு. ஆகவே கண்ணாடிப் பேழைக்குள் திறந்து வைத்த தோராச் சுருளைக் காணும் யூதருக்கு, அது பழம்பொருள் என்பதைவிட, வாழவும் விடாமல் அடங்கவும் விடாமல் இடையில் நிறுத்திவைத்த ஒன்று என்று தோன்றினால் அதில் வியப்பில்லை.

அந்தச் சுருளைச் சுற்றிக் கட்டும் துணியைக் கொஞ்சம் அருகில் பார்க்கலாம். ஜெர்மனியிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் வாழ்ந்த யூதர்களிடம் ‘விம்பெல்’ என்றொரு வழக்கம் இருந்தது. பிறந்த எட்டாம் நாள் ஆண் குழந்தைக்கு விருத்தசேதனம் செய்யும்போது அதைச் சுற்றியிருந்த துணியைத் துவைத்து, நாடாக்களாகக் கிழித்து, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, நீண்ட பட்டையாக ஆக்குவார்கள். அதில் குழந்தையின் பெயர், தந்தையின் பெயர், பிறந்த நாள் ஆகியவற்றோடு, சில பட்டைகளில் ராசியின் உருவமும், வண்ண நூலால் பின்னப்பட்டிருக்கும் அல்லது தீட்டப்பட்டிருக்கும். முடிவில் ஒரே வாழ்த்துதான் எல்லாவற்றிலும்: இவன் தோராவுக்கும் மணப்பந்தலுக்கும் நற்செயல்களுக்கும் வளர்வானாக. நடக்கப் பழகிய குழந்தையைத் தந்தை தொழுகைக்கூடத்துக்குத் தூக்கிவந்து அந்தப் பட்டையைச் சுருளுக்குக் கட்டுவார். துணியின் அகலம் ஒரு சாணுக்குள் அடங்கும். ஒட்டுத் தையல்கள் கண்ணுக்குத் தெரியும். குழந்தையின் உடம்பைத் தொட்ட துணி வேதத்தின் உடம்பைத் தொடுகிறது. அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட பட்டையின் முன்னால் நிற்கும் ஒருவர், எபிரேயம் தெரியாதவராயினும், பெயருக்கு அடுத்திருக்கும் ஆண்டைக் கணக்கிட்டு, நாஜிகள் யூதர்களைக் கொன்றுகொண்டிருந்த 1942இல் இவனுக்கு வயது என்ன என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார். வாழ்த்து அப்படியே இருக்கிறது. நிறைவேறியதா என்று துணி சொல்வதில்லை.

இத்தகைய பட்டைகளும் சுருள்களும் மிகுதியாகச் சேர்ந்த இடம் செக் தலைநகரான பிராக். அங்குள்ள யூத அருங்காட்சியகம் 1906இல் தொடங்கியதற்குக் காரணம் போர் அல்ல, நகரச் சீரமைப்பு. பழைய யூதக் குடியிருப்பான யோசெஃபோவை இடித்துப் புதுத் தெருக்கள் போட்டபோது சில தொழுகைக்கூடங்களும் போயின. அவற்றின் பொருள்களைக் காக்க வரலாற்றாசிரியர் சாலமன் ஹூகோ லீபன் முன்முயற்சியில் அது அமைந்தது. நாஜி ஆக்கிரமிப்பில், 1942இல், அது மத்திய யூத அருங்காட்சியகம் என்று மாற்றப்பட்டது. செக் நிலப்பகுதிகளான பொஹீமியாவிலும் மொராவியாவிலும் மக்கள் வெளியேற்றப்பட்ட 153 யூதச் சமூகங்களின் சுருள்கள், திரைச்சீலைகள், வெள்ளிப் பொருள்கள், நூல்கள் ரயிலேறி அங்கே வந்தன.

‘அழிந்துபோன இனத்தின் அருங்காட்சியகம்’ ஒன்றை அமைக்க நாஜிகள் திட்டமிட்டார்கள் என்ற கதை உலகெங்கும் சொல்லப்படுகிறது. அந்தத் தொடருக்கு அக்காலத்து ஆவணச் சான்று இல்லை. பொருள்களை ஓரிடத்தில் சேர்க்கலாம் என்ற முன்மொழிவை வைத்தவர்கள் பிராக் யூதச் சமூகத்தின் பணியாளர்களே. ஆக்கிரமிப்பாளர்கள் தங்கள் காரணங்களுக்காக அதற்கு ஒப்புதல் தந்தார்கள். இந்த வேறுபாடு சிறியதல்ல. முதல் கதையில் யூதர்கள் காட்சிப்பொருள்கள் மட்டுமே. உண்மையில் அவர்கள் காப்பாளர்களாக உட்கார்ந்து, வந்திறங்கிய ஒவ்வொன்றுக்கும் எந்த ஊரிலிருந்து வந்தது, என்ன பொருள், எந்தக் காலத்தது என்று அட்டை எழுதிக்கொண்டிருந்தார்கள். அதே நாள்களில் அந்த ஊர்களின் மக்கள் யூதர்களை அடைத்துவைத்த தெரெசின் நகருக்கும் அங்கிருந்து கிழக்கே முகாம்களுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அட்டை எழுதியவர்களில் பெரும்பாலோரும் பின்னர் அதே வழியில் அனுப்பப்பட்டார்கள். உயிர்பிழைத்த ஹானா வொலவ்கோவா போருக்குப் பின் அருங்காட்சியகத்தை ஏற்று நடத்தினார். அந்த அட்டைகளின் நிதானமான, உணர்ச்சி கலவாத நடைதான் என்னை மிகவும் கலங்கடிக்கிறது. ஓர் ஊருக்குத் தங்களால் செய்ய முடிந்த கடைசி மரியாதையாக அதன் பொருள்களைச் சரியாகப் பெயரிட்டு வைத்தார்கள் என்றே அதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

போருக்குப் பின் ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு உரிமை கோர ஆளில்லை. தோராச் சுருள்கள் பிராக்கின் புறநகரான மிஹ்லேயில் பயன்பாடற்றுக் கிடந்த தொழுகைக்கூடம் ஒன்றில் அடுக்கப்பட்டு ஈரத்தில் ஊறிக்கொண்டிருந்தன. 1963இல் செக்கோஸ்லோவாக்கிய அரசு நிறுவனம் அவற்றை விற்க முன்வந்தது. லண்டனைச் சேர்ந்த ரால்ஃப் யாப்லன் விலை கொடுத்து வாங்கி வெஸ்ட்மின்ஸ்டர் தொழுகைக்கூடத்துக்கு அளித்தார். 1964 பிப்ரவரியில் 1,564 சுருள்கள் அங்கே வந்திறங்கின. பாலித்தீன் உறைகளில் சுற்றிய அவற்றை இறக்கிவைத்தவர்களுக்குப் பிணங்களின் நினைவு வந்திருந்தால் அது மிகையல்ல. சில ஆண்டுகளில் டேவிட் பிராண்ட் என்ற எழுத்தர் அதே தொழுகைக்கூடத்தின் கதவைத் தட்டி, பழுது பார்க்கச் சுருள் ஏதும் உண்டா என்று கேட்டார் என்பார்கள். உண்டு என்று சொல்லி மாடிக்கு அழைத்துப் போனார்கள். 25 ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அங்கேயே இருந்து, எழுத்து எழுத்தாகச் சுரண்டி எழுதிச் சீர்செய்தார்.

அவற்றை வைத்து என்ன செய்வது என்பதில் லண்டனில் எடுத்த முடிவை முக்கியமானதாகக் கருதுகிறேன். மொத்தமாகப் புதைத்திருக்கலாம், மரபு அதை ஏற்கும். மொத்தமாகக் காட்சிக்கு வைத்திருக்கலாம். இரண்டும் செய்யாமல், உலகெங்கும் உள்ள யூதச் சமூகங்களுக்கு நிரந்தரக் கடனாகக் கொடுத்தார்கள். விற்பனை இல்லை, ஒவ்வொன்றிலும் எண் பொறித்த சிறு தகடு உண்டு. எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரிந்த சுருளைப் பெற்ற சமூகம் அந்த ஊரின் வரலாற்றைத் தேடிப் படிக்கிறது. ஊர் தெரியாதவற்றை ‘அநாதைச் சுருள்கள்’ என்றே அழைக்கிறார்கள். சீர்செய்ய முடிந்த சுருள்களில் 13 வயது நிறைந்த பிள்ளைகள் முதன்முறையாக வாசிக்கிறார்கள். சீர்செய்ய முடியாதவை, வாசிக்கத் தகாதவையாகவே, புதைக்கப்படாமல் நினைவுக்காக நிற்கின்றன. பிராக்கிலேயே பிங்கஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், கல்லறை இல்லாமல் போன ஏறக்குறைய 80,000 பேரின் பெயர்களை 1950களில் கையால் எழுதினார்கள். 1968க்குப் பின் அது மூடப்பட்டுப் பெயர்கள் அழிந்தன; 1990களில் முதலிலிருந்து மீண்டும் எழுதினார்கள். அதே கட்டடத்தின் மாடியில் தெரெசின் குழந்தைகளின் ஓவியங்கள் உள்ளன. அங்கே அவர்களுக்கு ஓவியம் கற்பித்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், ஒவ்வொரு படத்திலும் வரைந்தவர் பெயரை எழுதவைத்தார். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் கொல்லப்பட்டார். அவர் விட்டுப்போன இரண்டு பெட்டிகளில் இருந்த ஏறக்குறைய 4,500 படங்கள் போருக்குப் பின் பிராக்குக்கு வந்தன.

யூதப் பொருள் என்றாலே படுகொலையின் எச்சம் என்று கொள்வது பெரும் பிழை; அது அந்த மக்களின் இரண்டாயிரம் ஆண்டு வாழ்வை அவர்களைக் கொன்றவர்களின் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அடைத்துவிடும். தாவீது போக நினைத்த இந்தியக் கரையிலேயே மாற்றுச் சான்று இருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர்கள் காத்துவந்த செப்பேடு, கி.பி. 1000ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் இஸ்ஸுப்பு இறப்பான் என்ற யூதத் தலைவனுக்கு அளித்தது. வட்டெழுத்தில் உள்ள அதன் மொழியைத் தமிழ் வாசகர் பெரிதும் சிரமமின்றிப் பின்தொடரலாம். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் பேறு, பகல்விளக்கு, நடைவழியில் விரிக்கும் துணியான பாவாடை, பல்லக்கான அந்தோளகம், குடை என்று உரிமைகள் வரிசையாக வருகின்றன. உலகும் சந்திரனும் உள்ளவரை அவை செல்லும் என்கிறது சாசனம். அந்தச் சமூகத்தினரில் மிகப் பெரும்பாலோர் 1948க்குப் பின் தாங்களாகவே இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். மட்டாஞ்சேரியிலிருந்த கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் செதுக்கு மர உள்ளமைப்பு 1990களில் எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போனது. கைவிடப்பட்ட வெளிக்கட்டடம் 2019 மழையில் இடிந்து விழுந்தது. தாமரை செதுக்கிய அந்த மரக்கூரையின் கீழ் நிற்பவருக்கு வருவது ஊர் பிரிந்த ஏக்கம். அந்த ஏக்கத்தைப் பிராக் துயரத்தோடு ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது.

எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்ற கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது வாஷிங்டனில். 1993இல் திறந்த யூதப் படுகொலைக்கான அமெரிக்க நினைவு அருங்காட்சியகத்துக்காக, ஆஷ்விட்ஸில் பெண்களிடமிருந்து வெட்டியெடுத்த தலைமுடியைக் காட்சிக்கு வைக்கும் எண்ணம் இருந்தது. உயிர்பிழைத்தவர்களில் சிலர் எதிர்த்தார்கள். அதில் என் தாயின் முடியும் இருக்கலாம் என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். முடிக்குப் பதிலாக அதன் புகைப்படம் வைக்கப்பட்டது. மைதானெக் முகாமிலிருந்து கடனாக வந்த சுமார் 4,000 செருப்புகள் மட்டும் அங்கே குவிந்து கிடக்கின்றன. பழந்தோலின் வாடை அந்த இடத்தில் இன்றும் வீசுகிறது. ஆஷ்விட்ஸிலோ முடி கண்ணாடிக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது, சுமார் இரண்டு டன். ஆனால் அங்குள்ள பாதுகாப்பாளர்கள் செருப்புகளுக்கும் பெட்டிகளுக்கும் செய்யும் பராமரிப்பை அதற்குச் செய்வதில்லை. அது மனித உடலின் பகுதி. தானாக மக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் மெல்ல நடக்கும் அடக்கம் என்று அதைச் சொல்ல வேண்டும்.

மாறாக, மண்ணுக்குள் போனதே படிக்கப்படுவதற்காக என்று ஒரு தொகுப்பு உண்டு. நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதியான வார்சா கெட்டோவில் வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கெல்பிளம் ‘ஓனெக் ஷாபெஸ்’ என்ற மறைமுகக் குழுவை நடத்தினார். ‘ஓய்வுநாள் மகிழ்ச்சி’ என்று பொருள்படும் அந்தப் பெயருக்குக் காரணம், அவர்கள் சனிக்கிழமைகளில் கூடியது. வாக்குமூலங்கள், நாட்குறிப்புகள், பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகள் ஆகியவற்றோடு டிராம் சீட்டுகள், ரேஷன் அட்டைகள், மிட்டாய் சுற்றிய தாள்கள் ஆகியவற்றையும் சேர்த்தார்கள். மிட்டாய்த் தாளைப் பட்டினி நகரத்தில் ஏன் சேர்த்தார்கள்? பின்னால் வரும் வரலாற்றாசிரியருக்கு எது தேவைப்படும் என்று முன்கூட்டித் தீர்மானிக்கும் உரிமை தங்களுக்கு இல்லை என்று கருதினார்கள். அத்துடன், சாவு மட்டுமே தங்கள் அடையாளமாக எஞ்சுவதை அவர்கள் ஏற்கவில்லை.

1942 ஆகஸ்டில், திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயில்கள் போய்க்கொண்டிருந்தபோது, ஆசிரியர் இஸ்ரேல் லிக்டென்ஸ்டெய்னும் இரண்டு இளைஞர்களும் நொவொலிப்கி தெரு 68ஆம் எண் பள்ளிக் கட்டடத்தின் அடியில் பத்து உலோகப் பெட்டிகளைப் புதைத்தார்கள். அந்த இளைஞர்களில் ஒருவரான 19 வயது தாவீது கிராபர், உலகத்தை நோக்கிக் கத்திச் சொல்ல முடியாததை மண்ணில் புதைத்தோம் என்று எழுதி உள்ளே வைத்தார். லிக்டென்ஸ்டெய்னின் மனைவி கேலா செக்ஸ்டெய்ன் ஓவியர். தம் நீர்வண்ண ஓவியங்களையும், இனி அமையப்போகும் யூத அருங்காட்சியகத்துக்கு அவற்றை அளிப்பதாக எழுதிய உயிலையும் அந்தப் பெட்டிகளில் சேர்த்தார். தம் சிறுமகளையும் நினைவில் கொள்ளும்படி லிக்டென்ஸ்டெய்ன் தம் உயிலில் கேட்டுக்கொண்டார். மூவரில் யாரும் பிழைக்கவில்லை.

1943 தொடக்கத்தில் மேலும் சில தாள்கள் இரண்டு அலுமினியப் பால் கேன்களில் அடைக்கப்பட்டுப் புதைந்தன. குழுவில் இருந்தவர்களில் மூவரே உயிர்பிழைத்தார்கள். அவர்களில் ஒருவரான ஹெர்ஷ் வாசர் இடத்தைக் காட்ட, 1946 செப்டம்பரில் இடிபாடுகளைத் தோண்டிப் பெட்டிகளை எடுத்தார்கள். உள்ளே தண்ணீர் புகுந்து தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பால் கேன்களை 1950 டிசம்பரில் கட்டடத் தொழிலாளர்கள் கண்டெடுத்தார்கள். மொத்தம் ஏறக்குறைய 35,000 பக்கங்கள். இன்று ஒரு கேன் வாஷிங்டனிலும் மற்றொன்று வார்சாவின் யூத வரலாற்று நிறுவனத்திலும் உள்ளன. நிறுவனக் கட்டடத்தின் முன்கூடத்துத் தரையில், அருகே நின்ற பெருந்தொழுகைக்கூடத்தை 1943 மே 16 அன்று நாஜிகள் வெடிவைத்துத் தகர்த்தபோது பற்றிய தீயின் தழும்பு மாறாமல் இருக்கிறது. அதை மிதித்துத்தான் உள்ளே போக வேண்டும்.

கேன் சாதாரணப் பால்காரரின் கேன்தான். துருவும் மண்ணும் படிந்து, நசுங்கி, மேல்வாய் வளைந்திருக்கிறது. ஓவியங்கள் உயிலில் சொன்னபடி அருங்காட்சியகம் சேர்ந்துவிட்டன. மூன்றாவதாக ஒரு பகுதி புதைக்கப்பட்டதாகச் சான்றுகள் சொல்கின்றன. அதைத் தேடித் தோண்டியும் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. புதிய வார்சாவின் தெருக்களுக்கு அடியில், எடுத்துப் படிப்பார்கள் என்று நம்பி யாரோ எழுதிய தாள்கள் இன்னும் இருக்கக்கூடும்.